உறுப்பைக் கேட்கும் கை, கணக்கைக் காட்டத் தயங்குவதேன்?



பள்ளியிறுதித் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் பள்ளி பள்ளியாகத் தேர்ச்சி விழுக்காடு ஆராயப்படுகின்றது. எத்துணைப் பேர் எழுதினர், எத்துணைப் பேர் தேறினர் என்பது தேநீர்க்கடை விசிப்பலகை வரையிற் பேச்சாகின்றது. தேர்ச்சி குறைந்தால் தலைமையாசிரியர் கல்வி அலுவலர் முன்னின்று விடை சொல்ல வேண்டும். அதில் பிழையொன்றுமில்லை. மக்கள் பிள்ளைகளின் வாழ்வு எங்கே உருவாகின்றதோ, அவ்விடம் மக்கள் கண்முன் நிற்றலே முறை. ஆயின், ஒரு பாடத்திற் றவறிய மாணவன் அடுத்த திங்களே மறுதேர்வு எழுதலாம். மாற்றி வைத்த கல்லீரல் இயங்காதொழிந்தவனுக்கு மறுதேர்வு அத்துணை எளிதிற் கிடைப்பதோ? பள்ளிக்குக் கணக்குக் கேட்கும் இந்நாடு, உயிர்க்குக் கணக்குக் கேளாமலிருப்பது என்ன முறை?

உறுப்பு மாற்று மருத்துவமனைகளைப் பற்றியே பேசுகின்றோம். எம்மருத்துவமனையில் எத்துணைப் பேர்க்குச் சிறுநீரகமோ கல்லீரலோ நெஞ்சாங்குலையோ மாற்றப்பட்டது? அவர்களுள் ஓராண்டு கழித்து உயிரோடிருப்போர் எத்துணையர்? எத்துணையர் காத்திருக்கின்றனர்? காத்திருந்தே மாண்டவர் எத்துணையர்? இந்நான்கு கேள்விகளுக்கும் மருத்துவமனைதோறும் ஒப்பிட்டுக் காணத்தக்க விடை, தமிழ் மக்கள் கையில், தமிழ்மொழியில், இன்றுவரை வைக்கப்படவில்லை. இதுவே நம் குற்றச்சாட்டு.

கொடுப்பதில் தமிழன் பின்தங்கியவன் அல்லன். புறாவின் பொருட்டுத் தன்னையே நிறைகோலிற் புகுத்திய மன்னனைச் சோழர் முன்னோனாகச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். கதை எவ்வாறாயினும், அதில் ஒரு நிறைகோல் உண்டென்பதை மறவாதீர்! கொடை அங்கே எல்லார் கண்முன்னும் நிறுக்கப்பட்டது. இக்காலத்திலும் அக்கொடைமனம் குன்றவில்லை. 2008ஆம் ஆண்டில் மருத்துவப் பெற்றோர் இருவர், நேர்ச்சியில் மூளைச்சாவுற்ற தம் மகனின் உறுப்புகளை அளித்தபோது தமிழ்நாடே நெகிழ்ந்தது. அவ்வாண்டே இறந்தோர் உறுப்புக் கொடைத் திட்டம் இங்கு வடிவு பெற்றது. 2014இல் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் அமைக்க ஆணை பிறந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பீந்தோர் உடலுக்கு அரசு மதிப்புடன் இறுதிக்கடன் செய்யப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். 2023இல் 178 பேரும், 2024இல் 268 பேரும் இறந்தபின் உறுப்பீந்தனர். இந்தியாவின் வேறெந்த மாநிலமும் 2024இல் அவ்வெண்ணிக்கையை எட்டவில்லை.

இவர்கள் யாவர்? சாலை நேர்ச்சியில் மகனை இழந்த உழவர். தலைவனை இழந்த கூலித்தொழிலாளி மனைவியர். ஆங்கிலம் அறியாத தாய்மார். மூளை இறந்துவிட்டது, உடல் இன்னும் சூடாயிருக்கின்றது என்னும் அக்கொடுமையான வேளையில், அவர்களிடம் சென்று, “உறுப்புகளைத் தாருங்கள்” என்று கேட்கும்போது அழகிய தமிழிற் கேட்கின்றார்கள். கொடுத்தபின் அவ்வுறுப்பு யாது ஆயிற்று, அதைப் பெற்ற மருத்துவமனை அதனைக் காக்கும் திறமுடையதா என்னும் கணக்குமட்டும் தமிழில் இல்லை! கேட்பதற்குத் தமிழ், கணக்குக் காட்ட மௌனம்! கொடுத்தவர் விலை கேட்கவில்லை. ஆகவே அவ்வுறுப்பு எந்த மருத்துவமனையின் உடைமையும் ஆகாது. அது மக்கள் பொதுச்செல்வம். பொதுச்செல்வத்தைக் கையாள்வோன் பொதுமன்றிற் கணக்கு வைக்கக் கடமைப்பட்டவன். இதற்கு மேல் ஏரணம் வேண்டுமோ?

இனி, பெறுவோர் நிலையைப் பாருங்கள். சிறுநீரகம் செயலிழந்தவன் ‘டயாலிசிசு’ என்று வழங்கும் குருதித் தூய்மிப்பிற்காகக் கிழமைக்கு இருமுறையும் மும்முறையும் அலைகின்றான். நிலத்தை விற்றோ நகையை அடகிட்டோ மாற்று அறுவைக்கு முனைகின்றான். எங்குச் செல்வது? சாலையோர விளம்பரப் பலகை ஒரு பெயரைச் சொல்லும். உறவினர் ஒருவர் வேறொரு பெயரைச் சொல்வார். தரகன் மூன்றாவது பெயரைச் சொல்வான். கையொப்பத்திற்கு நீட்டப்படும் தாளோ பல இடங்களிற் பக்கம் பக்கமாக ஆங்கிலம். மாடு வாங்குபவன் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகின்றான். விதைநெல் வாங்குபவன் முளைப்புத்திறன் கேட்டு வாங்குகின்றான். உயிரை ஒப்படைப்பவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒப்படைக்க வேண்டுமாம்!

இத்தேர்வு எத்துணை இன்றியமையாதது என்பதைப் பலர் அறியார். நோயர் எவரும் தாமே நேரிற் சென்று அரசின் காத்திருப்போர் பட்டியலிற் சேர இயலாது. ஒரு மருத்துவமனை வழியாகவே சேர முடியும். மூளைச்சாவுக் கொடை நிகழும் மருத்துவமனைக்கு, அங்குப் பெறப்படும் உறுப்புகளுள் சிலவற்றில் முதலுரிமை தரப்படுகின்றது. ஆகவே, எம்மருத்துவமனையிற் பெயர் பதிகின்றோம் என்பதே எத்துணை நாள் காத்திருப்போம் என்பதையும் பெரும்பாலும் வரையறுத்து விடுகின்றது. அத்துணைப் பெரிய முடிவை, ஓர் எண்ணும் அறியாமல் எடுக்கச் சொல்லுகின்றார்கள்.

பிற நாடுகள் என் செய்கின்றன? அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழி வந்த அறிவியற் பதிவேடு, ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு மாற்று நடுவத்திற்கும் தனித்தனி அறிக்கை வெளியிடுகின்றது. எவரும் அதனைக் காணலாம். அதில் மூன்று செய்திகள் தலையாயவை. ஒன்று, பட்டியலிற் காத்திருக்கும்போது இறப்போர் அளவு. இரண்டு, பட்டியலிற் சேர்ந்தவர்க்கு உறுப்புக் கிடைக்கும் விரைவு. மூன்று, மாற்றியபின் ஓராண்டு முடிவில் உறுப்பு இயங்க உயிர்வாழ்வோர் அளவு. ஒவ்வொன்றிலும் நடுவங்கள் ஐந்து படிகளாகத் தரம் பிரித்துக் காட்டப்படுகின்றன. பிரித்தானியாவிலும் அரசு நலவாழ்வுத் துறையின் குருதி மற்றும் மாற்றுப் பிரிவு, நடுவந்தோறும் ஓராண்டு, ஐந்தாண்டு உயிர்வாழ்வு விழுக்காட்டை ஆண்டறிக்கையாக வெளியிடுகின்றது. அங்கெல்லாம் அந்நாட்டு மக்களின் மொழியிலேயே அவை வருகின்றன என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள்.

உயிர்வாழ்வு விழுக்காடு ஒன்றுமட்டும் போதாதோ, காத்திருப்போர் பட்டியல் எதற்கு என்று கேட்பார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வோம். கலிபோர்னியாவின் இர்வைன் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையில் கல்லீரல் மாற்றுப் பிரிவு ஒன்று நடந்தது. நிலையான முழுநேரக் கல்லீரல் அறுவையர் இல்லாமலே நோயர்கள் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தனர். 2004 ஆகத்து முதல் 2005 சூலை வரை 122 கல்லீரல்கள் அம்மருத்துவமனைக்கு அளிக்க முன்வரப்பட்டன, மாற்றப்பட்டவையோ 12. அங்குக் காத்திருந்தவர்களுள் முப்பதின்மர்க்கு மேல் மாண்டனர் என்பதை ‘இலாசு ஏஞ்சல்சு டைம்சு’ நாளிதழ் வெளிப்படுத்தியது. 2005 நவம்பரில் அப்பிரிவு மூடப்பட்டது. மறு ஆண்டே சான்பிரான்சிசுகோவில் கைசர் நிறுவனத்தின் சிறுநீரக மாற்றுத் திட்டம் அம்பலத்திற்கு வந்தது. அங்கு 2005இல் 56 பேர்க்குச் சிறுநீரகம் மாற்றப்பட்டது. ஆனால் அதைப்போல் இருமடங்கினர் காத்திருந்தே இறந்திருந்தனர். 2006இல் அத்திட்டமும் மூடப்பட்டது.

அறுவை நடந்தவர்களை மட்டும் எண்ணியிருந்தால் இக்கொடுமைகள் முழுதும் வெளிப்பட்டிரா. அறுவைக் கூடத்திற்குள் நுழையாமலே மாண்டவன் அறுவைக் கணக்கில் வாரான். அவனை எண்ணுவது காத்திருப்போர் பட்டியல் ஒன்றே. அங்கும் தவறு நடந்தது. ஆயின் எண்கள் இருந்தமையால் இதழாளன் ஒருவன் அவற்றைக் கூட்டிக் கழித்துக் கள்ளத்தைப் பிடிக்க முடிந்தது. எண்ணே இல்லாத நாட்டில் எதனைக் கூட்டுவது, எதனைக் கழிப்பது?

எண்ணை மறைத்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிசுடல் நகரம் சான்று. அது உறுப்பு மாற்று அன்று, குழந்தைகளின் நெஞ்சாங்குலை அறுவை. ஆயினும் பாடம் ஒன்றே. அங்குக் குழந்தைகள் மிகுதியாக இறக்கின்றனர் என்று சுடீபன் போல்சின் என்னும் மயக்க மருத்துவர் கணக்கெடுத்துக் கூறினார், மேலிடத்தார் செவிசாய்க்கவில்லை. பின்னர் இயன் கென்னடி தலைமையில் நடந்த உசாவல், 2001இல் தன் அறிக்கையை அளித்தது. 1991 முதல் 1995 வரை, ஓரகவை நிரம்பாத குழந்தைகளுள், எதிர்பார்க்கத்தக்க அளவினும் 30 முதல் 35 பேர் கூடுதலாக இறந்தனர் என்று அது கண்டது. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பெற்றோர் வேறிடம் சென்றிருப்பர். ஒப்பிட விடாத மௌனமே அங்குப் பிள்ளைகளை விழுங்கிற்று.

இனி, மறுப்புரைகளுக்கு வருவோம்.

“கணக்கை வெளியிட்டால், நிலை முற்றிய நோயர்களை மருத்துவமனைகள் ஏற்க மறுக்கும், எளிய நோயரை மட்டும் எடுத்து விழுக்காட்டை உயர்த்திக் காட்டும்” என்பது முதல் மறுப்பு. உண்மையான இடரே இது. தேர்ச்சி விழுக்காட்டைக் காக்கப் பின்தங்கிய மாணவனை ஒன்பதாம் வகுப்பிலேயே வெளியேற்றும் பள்ளிகளை ஆசிரியராகிய நாம் அறியோமா? ஆயின் அதற்கு மருந்து மறைப்பன்று, செப்பமான கணக்கே. நோயரின் அகவை, நோயின் முதிர்ச்சி, பிற நோய்கள், உறுப்பின் தன்மை ஆகியவற்றைக் கொண்டு, இத்தகையோருள் இத்துணைப் பேர் இறத்தல் கூடும் என்று முதலிற் கணிக்கின்றனர். பின்பு, உண்மையில் இறந்தோர் தொகையை அதனோடு ஒப்பிடுகின்றனர். ஓரிடத்தில் 15 சாவு எதிர்பார்க்கப்பட்டு 12 நேர்ந்தது என்று கொள்வோம். மற்றோரிடத்தில் 3 எதிர்பார்க்கப்பட்டு 6 நேர்ந்தது. எண்ணிக்கையிற் சிறியது இரண்டாவது, பழிக்குரியதும் அதுவே. அரிய நோயரை ஏற்றுக் காத்தவனுக்கு இம்முறையில் இழுக்கில்லை, பெருமையே உண்டு. இதனோடு, பட்டியலிற் சேர்க்க மறுக்கப்பட்டோரையும் எண்ணினால், கதவடைத்துப் பெயர் வாங்கும் சூழ்ச்சியும் வெளியாகிவிடும்.

“சிறிய மருத்துவமனைக்கு இது கேடு” என்பது இரண்டாவது. பத்துப் பேர்க்கு மாற்றி ஒருவர் இறந்தால் 90 விழுக்காடு; இன்னுமொருவர் இறந்தால் அதுவே 80. இருநூறு பேர்க்கு மாற்றி இருபதின்மர் இறந்தாலும் 90 விழுக்காடே. அங்கு இன்னுமொருவர் இறந்தால் குறைவது அரை விழுக்காடு. ஆகவே சிறு தொகையில் விழுக்காடு ஊசலாடும் என்பது மெய். அதனாலன்றோ விழுக்காட்டுடன் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்து வெளியிடுக, ஓராண்டோடு நில்லாமல் சில ஆண்டுகளைக் கூட்டிக் காட்டுக என்கின்றோம்! உயிருள்ள உறவினர் அளித்த சிறுநீரகம், இறந்தோர் அளித்த சிறுநீரகத்தினும் பொதுவாக நெடிது இயங்கும். ஆதலின் இரண்டையும் ஒரே கூடையிற் கொட்டாமல் வேறு வேறாகக் காட்ட வேண்டும். நோயர் உயிரோடிருத்தல் வேறு, வைத்த உறுப்பு இயங்குதல் வேறு. அவற்றையும் பிரித்தே காட்ட வேண்டும். மாற்றியபின் தொடர்பற்றுப் போனவர்களை உயிரோடிருப்பவராக எண்ணி ஏமாற்றவும் கூடாது.

“இவையெல்லாம் பாமர மக்களுக்கு விளங்கா, தமிழில் இவற்றைச் சொல்லவும் இயலாது” என்பது மூன்றாவது மறுப்பு. நாம் சினந்து மறுப்பது இதனையே! மழையளவையும் நெல்லின் கண்டுமுதலையும் வட்டிக் கணக்கையும் விரல்நுனியில் வைத்திருக்கும் மக்களுக்கு, நூற்றுக்கு எத்துணைப் பேர் பிழைத்தனர் என்பது விளங்காதாம்! ஒட்டுமாங்கன்று கட்டத் தெரிந்த உழவனிடம், ஓருடலின் உறுப்பை மற்றோருடலில் ஒட்டுவதைச் சொல்லிப் பாருங்கள். ஒட்டுப் பிடித்ததா என்று அவனே கேட்பான். அவன் கேட்கும் அக்கேள்விதான் உயிர்வாழ்வு விழுக்காட்டின் உயிர்நாடி! ஒட்டுறுப்பு, மூளைச்சாவு, கொடையாளர், பெறுநர், காத்திருப்போர் பட்டியல், உறுப்பேற்பு, உறுப்பெதிர்ப்பு: இவற்றுள் எச்சொல் தமிழன் காதிற் புகாதது?

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில், சாமுவேல் பிசுக் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தமிழில் மருத்துவம் கற்பித்தார்; உடற்கூற்று நூலும் அறுவை நூலும் தமிழாக்கி வெளியிட்டார். கடல்கடந்து வந்த வெள்ளையர்க்குத் தமிழில் முடிந்தது, தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வயிற்றிற் பிறந்து தமிழர் வரிப்பணத்திற் பயின்ற மருத்துவர்க்கு முடியாதா? உறுப்பு மாற்று ஆணையத்திற்கு நல்ல தமிழ்ப்பெயர் இருந்தும், மருத்துவ உலகம் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த ‘டிரான்சுடான்’ என்னும் ஒலியையே உருப்போடுகின்றது. இயலாமை மொழியில் இல்லை, மனத்தில் உள்ளது. மக்களுக்கு விளங்கும் மொழியிற் பேசினால் மக்கள் கேள்வி கேட்பர். ஆங்கிலம் இங்கு அறிவின் ஊர்தியாக வரவில்லை. மறைப்பின் திரையாகத் தொங்குகின்றது.

“கணக்குக் கேட்டால் உறுப்புக் கொடையில் மக்கள் நம்பிக்கை குலையும்” என்பது இறுதி மறுப்பு. நம்பிக்கை எதனாற் குலைந்தது என்று 2018ஆம் ஆண்டைக் கேளுங்கள். முந்திய ஆண்டில் தமிழ்நாட்டில் மாற்றப்பட்ட நெஞ்சாங்குலைகளுள் ஏறத்தாழ நான்கிலொன்று அயல்நாட்டவர்க்குச் சென்றதாகச் செய்தித்தாள்கள் எழுதின. இந்நாட்டு நோயர் காத்திருக்க இது நேர்ந்தது எவ்வாறு என்று நாடெங்கும் வினா எழுந்தது. எவ்வுறுப்பு யார்க்கு, எவ்வரிசைப்படி, எக்கரணியம் பற்றித் தரப்பட்டது என்பது, நோயர் பெயரை மறைத்து அன்றன்றே வெளியிடப்பட்டிருந்தால், நேர்மையாளர்க்கு அஞ்ச வேண்டியிருந்திராது. நேர்மையிலார்க்கு இடமும் இருந்திராது. தரகனும் இவ்விருளில்தான் வளர்கின்றான். 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரின் வறுமையைச் சிறுநீரக வணிகர் பயன்படுத்திக்கொண்ட செய்தி வெளிவந்தபோது நெஞ்சு கொதிக்காத தமிழர் உண்டோ?

கணக்கு, கண்ணுக்குப் புலப்படாத வேறு அநீதிகளையும் காட்டும். நடுவண் அரசின் உறுப்பு மாற்று அமைப்புத் திரட்டிய எண்களின்படி, 1995 முதல் 2021 வரை இந்தியாவில் உறுப்புப் பெற்ற 36,640 பேருள் பெண்கள் 6,945 பேரே. இவ்வோர் எண் ஆயிரம் சொற்பொழிவினும் வலிது. தமிழ்நாட்டிற்கு, மருத்துவமனைக்கு மருத்துவமனை, அரசுக்கும் தனியார்க்கும் இவ்வாறு எண்கள் வெளிவந்தால் இன்னும் எத்துணை உண்மைகள் வெளிப்படும்!

நாம் கேட்பது புதுமையுமன்று. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோதே பதிவேடு வேண்டும் என்று அதிற் சேர்க்கப்பட்டது. 2014ஆம் ஆண்டு நெறிமுறைகள், காத்திருப்போர், பெற்றோர், அறுவைக்குப் பின்னிலை ஆகியவை பதியப்பட வேண்டும் என்றும், ஆண்டறிக்கை வெளிவர வேண்டும் என்றும் கூறுகின்றன. சட்டம் ஏட்டில் உறங்குகின்றது. அதனைத் தட்டியெழுப்புமாறு தமிழ்நாட்டரசைக் கேட்கின்றோம்:

1. உறுப்பு மாற்றும் ஒவ்வொரு மருத்துவமனையின் மொத்த எண்ணிக்கை, ஓராண்டு, மூவாண்டு, ஐந்தாண்டு உயிர்வாழ்வு விழுக்காடு, ஒட்டுறுப்பு இயக்க விழுக்காடு ஆகியவை ஆண்டுதோறும் வெளியிடப்பெற வேண்டும்.

2. நோயரின் நிலை கருதிய எதிர்பார்ப்பு எண்ணும் உண்மை எண்ணும் அருகருகே காட்டப்பெற வேண்டும்.

3. மருத்துவமனைதோறும் பட்டியலிற் சேர்ந்தோர், உறுப்புப் பெற்றோர், நீக்கப்பட்டோர், காத்திருந்தே இறந்தோர், ஏற்க மறுக்கப்பட்ட உறுப்புகள் ஆகியவற்றின் எண்ணிக்கை வெளிவர வேண்டும்.

4. இக்கணக்கை மருத்துவமனைகளே எழுதி மருத்துவமனைகளே புகழ்ந்து கொள்ளாதவாறு, தனித்த குழுவொன்று சரிபார்க்க வேண்டும்.

5. அறிக்கையும் ஒப்புதற் படிவமும் முதற்கண் தமிழில் அமைய வேண்டும். தமிழில் விளக்கிப் பெறாத ஒப்புதல் ஒப்புதலாகக் கொள்ளப்படலாகாது.

6. பொதுமக்கள் காப்பீட்டுப் பணம் பெறும் மருத்துவமனைக்கு இவ்வெளியீடு கட்டாயமாதல் வேண்டும்.

அரசு விழிக்கும்வரை நாம் உறங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் எவர்க்கேனும் இத்துன்பம் நேர்ந்தால், மருத்துவரைப் பணிவோடும் துணிவோடும் தமிழிற் கேளுங்கள்: “ஐயா, இவ்வுறுப்பை இங்குச் சென்ற ஆண்டு எத்துணைப் பேர்க்கு மாற்றினீர்கள்? ஓராண்டு கழித்து எத்துணைப் பேர் உயிரோடுள்ளனர்? தொடர்பற்றுப் போனவர் எத்துணையர்? உங்கள் பட்டியலில் எத்துணையர் உள்ளனர்? சென்ற ஆண்டு அவர்களுள் எத்துணையர் உறுப்புப் பெற்றனர், எத்துணையர் இறந்தனர்? முழுநேர அறுவையர் இங்கேயே உள்ளாரா? வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டிய உறுப்பெதிர்ப்படக்கும் மருந்துக்குத் திங்கள்தோறும் எவ்வளவு ஆகும்?” திறமையும் நேர்மையும் உடைய மருத்துவர் இக்கேள்விகளுக்கு மகிழ்ந்து விடை தருவார். அத்தகையோர் இந்நாட்டிற் பலர் உளர், அவர்களை வணங்குகின்றோம். முகம் சுளிப்பவரிடத்து எச்சரிக்கையாயிருங்கள். நீண்ட பட்டியலைக் கண்டு மட்டும் அஞ்சவும் வேண்டா. பட்டியல் எத்துணை விரைவில் நகர்கின்றது என்பதையே பாருங்கள்.

தமிழர்களே! உறுப்பை ஈவதை நிறுத்துங்கள் என்று நாம் சொல்லவில்லை. இன்னும் மிகுதியாக ஈயுங்கள் என்றே சொல்கின்றோம். இறந்தும் பிறர்க்கு உயிராதலினும் பெரிய ஈகை இல்லை. ஆனால், ஈந்தவன் இரந்து நிற்பதும், பெற்றவன் மறைத்து நிற்பதும் மானமுள்ள இனத்திற்கு இழிவு. நம் உடலின் உறுப்பைப் பெற வந்தவர் நம் மொழியிற் கேட்டனர். அதன் கணக்கையும் நம் மொழியிலேயே தரட்டும்.

கொடை தமிழனுடையது! கணக்கும் தமிழிலாகுக!